ரோட்டு மட்டத்தில் ஓர் அறை

எங்கள் வீடு சாலைக்குக் கீழே இருக்கிறது. கொடைக்கானலில் இது புதிதல்ல. சாலைக்கு மேலே பாதி ஊர், கீழே மீதி ஊர். சாலையோரத்து இரும்புக் கதவைத் திறந்தால் கல்படிகள் இறங்கும். நடுவில் ஒரு பேரி மரம், அதைச் சுற்றி ஒரு திருப்பம், மறுபடியும் படிகள், பிறகு எங்கள் வாசல். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு முறையும் முனகுவார். மற்றபடி அந்தப் படிகளைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. என் கணவரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகுதான் யோசித்தோம்.

அவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பூண்டிக்கும், பாச்சலூர் வழியாக ஒட்டன்சத்திரத்துக்கும் பல வருடங்கள் ஓட்டியிருக்கிறார். கூரை நிறைய மூட்டைகளோடு வளைவுகளில் பதமாக இறங்குவதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. சர்க்கரை இருப்பது தெரிந்தும், கால் கட்டைவிரலில் வந்த புண்ணைச் சாக்ஸுக்குள்ளேயே வைத்து நாட்களைக் கடத்திவிட்டார். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது விரலோடு நிற்கவில்லை. நான் ஓர் உறைவிடப் பள்ளியில், விடுதிப் பிள்ளைகளின் துணிமணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். நீண்ட விடுப்பு போட்டுவிட்டு அவரோடு மதுரையில் இருந்தேன்.

திரும்பி வந்த அன்று ஆம்புலன்ஸ் சாலையில் நின்றது. அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். ஒருவர் தெருமுனை ஆட்டோக்காரர். இன்னொருவர் எங்களுக்குக் கீழே உள்ள வீட்டு அக்காவின் மருமகன். அந்த அக்கா சிறுமியாக இருக்கும்போது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு இங்கே வந்தவர். கேரட் காடுகளில் தினக்கூலி வேலை. எங்கள் சரிவு முடிகிற இடத்தில் அவருடைய வீட்டுப் பின்சுவர் தொடங்கும். நாங்கள் மதுரையில் இருந்த நாட்களில் எங்கள் வாசலைக் கூட்டி, கோழிகளுக்குத் தீனி போட்டவரும் அவர்தான்.

புண் ஆறிய பிறகு கட்டைக்கால் பொருத்தினார்கள். சமதளத்தில் ஊன்றுகோலோடு நடக்கலாம், படி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது பாதத்திலும் உணர்ச்சி குறைந்திருந்தது. ஆகவே ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அதே நாற்காலி, அதே இரண்டு பேர். அவர்கள் முகம் சுளித்ததே இல்லை. ஆனால் என் கணவர் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தார். “இப்ப என்ன அவசரம், அடுத்த வாரம் பாப்போம்” என்பார். அடுத்த வாரமும் அதையே சொல்வார். பகலெல்லாம் கட்டிலில் சாய்ந்தபடி, மேலே சாலையில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு, எந்த கியரில் ஏறுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார்.

மேலே, சாலையை ஒட்டி, பேரி மரத்துக்கும் கதவுக்கும் நடுவே எங்களுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ஓர் அறையும் கழிப்பறையும் கட்டினால் அவர் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய் வரலாம் என்று எனக்குத் தோன்றியது. தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இடத்தைப் பார்த்துவிட்டு, “சரிவை வெட்டிச் சமமாக்கிட்டு ஷீட்டு போட்டு எழுப்பிரலாம்க்கா. மழைக்கு முந்தி வெரசா முடிச்சிரலாம். ஆபீசுலேருந்து வந்து கேட்டா அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

கீழே வந்து இதைச் சொன்னதும் என் கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

“அப்புறம் யாரு பாக்கறது? சீலு வச்சிட்டுப் போனானுங்கன்னா நீ பாப்பியா, அவன் பாப்பானா?”

அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. அனுமதி இல்லாமலும் விதியை மீறியும் கட்டிய விடுதிகளுக்குச் சீல் வைத்ததை இந்த ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கண்ணாடிக் கதவில் அரக்கு, உள்ளே மடித்த மெத்தைகள், ஜன்னலில் காய்ந்துபோன பூந்தொட்டி. அவற்றின் சொந்தக்காரர்கள் பிறகு கட்டியதை வரன்முறை செய்து தரச் சொல்லி அலைந்ததையும் பார்த்திருக்கிறோம்.

“கேட்டுட்டுக் கட்டுவோம். குடுக்கலேன்னா இப்படியே கெடப்போம்” என்றார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில், வரைபடம் போட்டுத் தருகிற இன்ஜினியர் ஒருவர் இருந்தார். இளம்பெண். நேரில் வந்து டேப் பிடித்து அளந்தார். ஒரு கருவியை வைத்துச் சரிவைப் பார்த்தார். பிறகு எங்கள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

“ரூல்படி ரோட்டுலேருந்து இவ்வளவு எடம் காலியா விடணும்மா. அதை விட்டுட்டா மிச்சம் இருக்கறது பூராவும் ஸ்லோப். அந்த ஸ்லோப்புல கட்டக் கூடாதுன்னு வேற ரூல். ரெண்டையும் சேத்துப் பாத்தா உங்க எடத்துல ஒரு கோழிக்கூண்டுகூட வைக்க முடியாது.”

“அப்ப முடியாதா?” என்றேன்.

“தளர்த்தித் தரச் சொல்லிக் கேக்கலாம். மலைப்பகுதிக்குன்னு குழு இருக்கு, அவங்கதான் முடிவு பண்ணணும். பெருசா வீடு வேணும்னு ஆசைப்பட்டுக் கேட்டா தர மாட்டாங்க. கட்டிட்டுப் போயி நின்னாலும் கஷ்டம். நெலத்தோட அமைப்பே ரூலுக்கு ஒத்துவரலை, வேற வழியும் இல்லை, கேக்கறதும் கொஞ்சம்தான், அக்கம்பக்கத்துக்கும் தொந்தரவு இல்லைன்னு காட்டணும். இது நாலும் இருந்தா கேக்கறதுல அர்த்தம் உண்டு.”

என் கணவர் குறுக்கிட்டார். “நொண்டிக்கு ரூம்பு வேணும்னு எழுதப் போறீங்களாக்கும்.”

அந்தப் பெண் கொஞ்சமும் தயங்கவில்லை. “உங்க கால் சர்டிபிகேட்டும் வைப்போம் சார். ஆனா அதை மட்டும் நம்ப முடியாது. ஆள் இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு வீட்டை வித்துட்டுப் போவாங்க, கட்டடம் அங்கேயேதான் நிக்கும்னு அவங்க யோசிப்பாங்க. அதனால நெலத்தை முன்னாடி வச்சுத்தான் பேசணும்.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் அன்று மாலை தேநீர் குடிக்கும்போது, “அந்தப் பொண்ணு சரியாத்தான் பேசுது” என்றார். மதுரையிலிருந்து வந்த பிறகு வீட்டுக்கு வந்துபோன ஒருவரைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மனு கொடுத்தோம். அதன்பிறகு பெரும்பாலும் காத்திருப்புதான். மண் உறுதியைப் பார்க்க ஒரு துறையிலிருந்து வந்தார்கள். தண்ணீர் ஓடும் வழியைப் பார்க்க இன்னொரு துறை. மரங்களைக் குறித்துக்கொள்ள வேறொருவர். வந்தவர்களில் யாரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. கைப்பிடி இல்லாத படிகளில் இறங்கி வந்து என் கணவரிடம் நலம் விசாரித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே மேலேறிப் போனார்கள். அவர்கள் மூச்சு வாங்குவதைக் கேட்டு இவர் சிரிப்பார்.

பக்கத்து நிலக்காரர்களுக்கும் தகவல் அனுப்பினார்கள், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று. வலதுபக்கத்து காட்டேஜ் பெங்களூர்க்காரர் ஒருவருடையது. அவர் எதுவும் சொல்லவில்லை. இடதுபக்கம் ஓடை. கீழ் வீட்டு அக்காவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. இன்ஜினியர் போன் பண்ணி, “கீழ் வீட்டுலேருந்து ஆட்சேபணை குடுத்திருக்காங்கம்மா” என்றபோது, வேறு யாருடைய மனுவையோ மாற்றிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வாசலைக் கூட்டியவர், என் அடுப்படிக்குள் வந்து தானாக உப்பை எடுத்துப் போகிறவர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வாரம் நான் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வழியில் பார்த்தபோது அவர் நின்றார். எனக்குச் சோலி இருப்பதுபோல் நான் நடந்துவிட்டேன். என் கணவரிடம் சொன்னால் என்னைவிட அதிகம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், “ஏதாச்சும் காரணம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தார்.

விசாரணைக்குத் திண்டுக்கல் வரச் சொன்னார்கள். வாடகை ஜீப் பேசியிருந்தேன். அன்று வெள்ளனே, கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் ஆட்டோக்காரரும் அக்காவின் மருமகனும் நிற்கிறார்கள். எங்களுக்கு எதிராக எழுதிக் கொடுத்த வீட்டின் மருமகன், எங்கள் விசாரணைக்காக என் கணவரைத் தூக்க வந்திருக்கிறார். எனக்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் வழக்கம்போல் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்து, “முன்னால தூக்குங்க” என்றார்.

மேலே சாலையில் அக்கா துவைத்த புடவை கட்டி, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் பார்க்காததுபோல் ஜீப்பில் ஏறினேன். என் கணவர் ஜன்னல் வழியாக, “பஸ்ஸுல போயி எதுக்கு அலையணும்? இங்க எடம் கெடக்கு. வாங்க” என்றார்.

“இல்லைங்க டிரைவரண்ணே, நான் போய்க்கிறேன்.”

“ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான போறோம்? ஏறுங்க.”

ஏறினார். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. மலையிறங்கி முடியும்வரை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். என் கணவர் மட்டும் ஜீப் ஓட்டுநருக்கு வளைவுக்கு வளைவு யோசனை சொல்லிக்கொண்டு வந்தார்.

நீண்ட மேஜை போட்ட அறை. குழுவில் இருந்தவர்கள் எங்கள் முறை வந்ததும் வரைபடத்தைத் திரையில் காட்டச் சொன்னார்கள். இன்ஜினியர் விளக்கினார். சரிவில் கொஞ்சம் வெட்டி, தடுப்புச் சுவர் எழுப்பி, அதன்மேல் அறை, கழிப்பறை, சாமான் வைக்க ஒரு சின்ன அறை. நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி தலையாட்டியபடி கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்கம்மா?” என்றார்.

அக்கா எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். அவர் உட்காரவில்லை.

“ஐயா, நான் சின்னப் புள்ளயில சிலோன்ல இருந்தேன். தோட்டத்துல எங்க லயத்துக்கு மேல ரோட்டுக்காக மண்ணை வெட்டுனாங்க. அந்த வருசம் மழையில மண்சரிவு. கடைசிக் காம்பிரா நாலும் மண்ணுக்குள்ள போயிருச்சு. எங்க சித்தி அதுலதான் இருந்தாங்க. எங்கப்பா மம்பட்டி எடுத்துக்கிட்டு ஓடுனாரு. எனக்கு அது இன்னும் மனசுல கெடக்கு. இவங்க ரூம்பு கட்ட வேணாம்னு நான் சொல்லலை. டிரைவரண்ணனை எங்க மருமகன்தான் தூக்குறாரு, அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். மண்ணை வெட்ட வேணாம்னு சொல்றேன். வெட்டுனா அது இவங்க வீட்டையும் தள்ளிக்கிட்டு எங்க வீட்டு மேலதான் வரும்.”

லயம் என்றால் தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடு. காம்பிரா என்பது அதில் ஒரு குடும்பத்துக்கான ஒற்றை அறை. இதெல்லாம் அவர் எங்களிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். சித்தியைப் பற்றிச் சொன்னதில்லை.

அதிகாரி என் கணவரிடம் திரும்பினார். “நீங்க பதில் சொல்ல விரும்புறீங்களா?”

அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நிமிர்ந்தார். “அவங்க சொல்றது சரிதாங்க. மழைக்காலத்துல எத்தனையோ தடவை ரோட்டுல மண்ணு வந்து பஸ்ஸை நிப்பாட்டியிருக்கேன். வெட்டுன எடத்துலதான் வரும். வெட்டாத எடத்துல வந்து நான் அதிகம் பாத்ததில்லை.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை மாதம் அலைந்தது எதற்கு என்று நினைத்தேன். இன்ஜினியரும் தன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பக்கத்தில் இருந்தவரோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு, “மண்ணைத் தொடாமல் தூண் மேலே நிறுத்த முடியுமா?” என்று இன்ஜினியரைக் கேட்டார்.

“முடியும் சார். ஆனா சைஸ் கொறையும். சின்ன ரூமை எடுத்துடணும்.”

“எடுத்துடுங்க. மழைத்தண்ணி எங்கே போகுதுன்னும் காட்டிப் புது வரைபடம் குடுங்க. பார்க்கலாம்.”

அவ்வளவுதான் நடந்தது. அடுத்த மனுதாரரைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும்போது வத்தலக்குண்டில் ஜீப்பை நிறுத்திச் சாப்பிட்டோம். என் கணவர் ஜீப்பில் இருந்தபடியே சாப்பிட, நானும் அக்காவும் கடைக்குள் எதிரெதிரே உட்கார்ந்தோம். அக்காதான் ஆரம்பித்தார்.

“நீ கோவமா இருக்கன்னு தெரியும் தங்கச்சி.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா.”

“சொன்னா நீ என்ன செய்வ? எனக்காக ரூம்பை விட்டுருவ. இல்லேன்னா எனக்குத் தைரியம் சொல்லி அனுப்பிருவ. ரெண்டும் எனக்கு வேணாம். கேக்க வேண்டியவங்க கேட்டுச் சொல்லட்டும்னு நெனச்சேன்.” கொஞ்சம் சோற்றைப் பிசைந்துவிட்டு, “உங்க கல்லுக்கட்டை எங்க பக்கத்துலேருந்து நீ பாத்ததில்லையே. நாளைக்கு வந்து பாரு” என்றார்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் போனேன். அவர் வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பின்பக்கம் போனதில்லை. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் எங்கள் வீடு முழுவதும் தலைக்கு மேலே நின்றது. வீட்டுக்கு அடியில் எங்கள் மாமனார் காலத்தில் அடுக்கிய கல்கட்டு நடுவில் வயிறு வைத்ததுபோல் வெளியே தள்ளியிருந்தது. கற்களுக்கு இடையில் மண் கரைந்து, ஒரு வேர் தொங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. போன மழையிலிருந்து பின் அறையில் யாரும் படுப்பதில்லை என்றார் அக்கா. மகள், மருமகன், அவர் எல்லாரும் முன் அறையில்தான். உள்ளே எட்டிப் பார்த்தேன். பின் அறையில் விறகும் உரச் சாக்கும் மட்டும் இருந்தன.

நான் போனில் படம் எடுத்து இன்ஜினியருக்கு அனுப்பினேன். அவர் அடுத்த நாளே வந்து, புது வரைபடத்தில் அந்தக் கல்கட்டைப் பிரித்துக் கட்டுவதையும் சேர்த்தார். கூரைத் தண்ணீரைக் குழாயில் பிடித்து, படியோரமாக இறக்கி, அக்காவின் வீட்டைத் தாண்டி ஓடையில் விடுவதாகவும் வரைந்தார்.

அனுமதி வந்தபோது நிபந்தனைகள்தான் அனுமதியைவிட நீளமாக இருந்தன. சாலையிலிருந்து விட வேண்டிய இடத்தைக் குறைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒரே தளம்தான். தூண் குழிகளைத் தவிர எங்கும் மண்ணை வெட்டக் கூடாது. கல்கட்டை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் அறையைத் தொடங்க வேண்டும். பேரி மரத்தைத் தொடக் கூடாது. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடக் கூடாது. நான் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். என் கணவர் கேட்டுவிட்டு, “கல்கட்டை எப்படியும் செய்யத்தான வேணும்” என்றார்.

பனி முடிந்து வெயில் வந்த மாதங்களில் வேலை நடந்தது. முதலில் கூப்பிட்ட மேஸ்திரிதான் செய்தார். வெட்டாமல் கட்டுவதில் அவருக்கு உற்சாகம் இல்லை; தூண் குழிகளைக் கையால் தோண்டும்போது புலம்பிக்கொண்டே இருந்தார். கல்கட்டைப் பிரித்த நாட்களில் அக்கா கூலி வேலைக்குப் போகவில்லை. பின்வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கல்லும் எப்படி உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவரிடமும் புலம்பினார்.

அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கைப்பிடி வைத்த கழிப்பறை. கதவைத் திறந்தால் ஒரு பலகைச் சரிவு, அப்புறம் சாலை. என் கணவரைக் கடைசியாக ஒருமுறை நாற்காலியில் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். அவர் அன்றே ஊன்றுகோலோடு தெருமுனைக் கடைவரை போய் பேப்பர் வாங்கி வந்தார். நான் பின்னால் போகவில்லை. கதவருகில் நின்று பார்த்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுப்படி கீழேதான். சோறும் குழம்பும் தூக்கிக்கொண்டு படியேறுவது இப்போது என் வேலை. சாப்பாட்டு நேரத்தில் என் முழங்கால் என்ன சொல்கிறது என்பதை அவரிடம் சொல்வதில்லை. முதலில் சில நாட்கள் கீழே எங்கள் வீடு யாரும் இல்லாததுபோல் இருந்தது. பிறகு நானும் மேலேயே ஒரு பாய் விரித்துக்கொண்டேன். சீசன் நேரத்தில் கார்க்காரர்கள் நிறுத்தி, “ரூம் இருக்கா?” என்று கேட்பார்கள். “இருக்கு, நான் இருக்கேன்” என்பார் இவர்.

அந்த வருடத்து முதல் பெருமழை ஒரு மதியம் பிடித்தது. பள்ளியில் வேலை ஓடவில்லை எனக்கு. சொல்லிவிட்டு வந்து, நேராக அக்கா வீட்டுப் பின்பக்கம் போனேன். அவர் ஏற்கெனவே குடையோடு அங்கே நின்றிருந்தார். கல்கட்டு அசையவில்லை. ஆனால் கூரைக் குழாயின் ஓர் இணைப்பு கழன்று, தண்ணீர் முழுவதும் அவருடைய துவைகல்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

“இதுக்கும் எழுதிக் குடுக்கப் போறேன்” என்றார் அக்கா.

“எழுதுங்க” என்றேன்.

அவருடைய மருமகன் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு படியேறி, இணைப்பைச் சொருகி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். தண்ணீர் குழாய்க்குள் போய் ஓடைப் பக்கம் விழுகிற சத்தம் கேட்டது. மேலேயிருந்து என் கணவர், “எப்படிக் கெடக்கு?” என்று கேட்டார். “நல்லாத்தான் கெடக்கு” என்று அக்கா பதில் குரல் கொடுத்தார். மழை விடுவதாக இல்லை. நாங்கள் உள்ளே போனோம். பின் அறையில் உரச் சாக்குகளை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.